பூதத்தான் கித்தாரில் பெயர் ஒட்டிய கதை

பூதத்தானுக்குக் கித்தார் வரும். பொறுமை மட்டும் வராது. விக்கிரமசிங்கபுரத்தில் நூல் மில் வேலை. தசரா வந்துவிட்டால் குலசேகரன்பட்டினம் போகும் குற்றாலலிங்கத்தின் குழுவில் கித்தார் வாசிப்பான். இத்தனை வருஷமும் வாசித்தது அந்தக் குற்றாலலிங்கத்தின் கித்தார். சனம் கைதட்டும்போதெல்லாம் அவர் மைக்கை வாங்கி, “கித்தாரு நம்மளுதுதான்” என்பார். வாசித்தவன் எவன் வீட்டுப் பிள்ளையோ! அந்த எரிச்சலில்தான் மனுஷன் பழைய வேங்கைக் கதவை அறுத்து, தனக்கென்று ஓர் எலெக்ட்ரிக் கித்தார் செய்ய உட்கார்ந்தான்.

செய்ததுகூடப் பெரிசில்லை. பெயிண்ட் அடித்து முடிப்பதற்குள் உயிர் போய் உயிர் வந்தது. உப்புத்தாள் தேய்த்துத் தேய்த்து விரல் ரேகை அழிந்தது. கறுப்பு அடித்தால் வழிந்தது. மேலே பளபளப்புக்குக் கிளியர் அடித்த அன்றைக்கா மழை பிடிக்க வேண்டும்? ஈரம் ஏறி, பால் ஊற்றினாற்போல் வெளுத்துவிட்டது. சுரண்டிவிட்டுத் திரும்ப அடித்தான். மில்லில் நூல் அறுந்தால் முடிச்சுப் போடலாம், இதற்கு என்ன செய்ய?

அப்புறம் ஸ்டிக்கர். தண்ணீரில் ஊறவைத்தால் தாளைவிட்டு வழுக்கி வரும் மெல்லிய ஸ்டிக்கர். அதில் தங்க நிறத்தில் அவன் பெயர். கித்தாரின் தலைப் பகுதியில் அதை ஒட்ட வேண்டும். முதல் ஸ்டிக்கர் விரலிலேயே சுருண்டது. அடுத்தது குமிழ் விட்டது. மிச்சம் இருந்த ஒன்றை மூச்சைப் பிடித்துக்கொண்டு பைய நகர்த்தி ஒட்டினான். அதன்மேல் கிளியர் அடித்து, காயட்டும் என்று வைத்துவிட்டு மில்லுக்குப் போனான். அன்று ஆயுத பூஜை; மில்லில் பூஜை போட்டுப் பொரிகடலை கொடுப்பார்கள்.

திரும்பி வந்து பார்த்தால், பெயருக்கு நட்டநடுவில் கெட்டியாகச் சந்தனம், அதன்மேல் குங்குமம். தையல் மெஷின், சைக்கிள், அரிவாள்மணை என்று வீட்டில் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்த மனைவி விஜயஸ்ரீ இதையும் விடவில்லை. காயாத கிளியரில் குங்குமம் இறங்கியிருந்தது.

“ஏட்டி, ஒனக்குக் கூறு இருக்கா? ஈரம் காயல, தெரியல?”

ஆத்திரத்தில் துணியைப் பெயிண்ட் கரைக்கும் தின்னரில் நனைத்துத் துடைத்தான். புத்தி கெட்ட வேலை. கிளியர் கரைந்து, ஸ்டிக்கரும் துணியோடு வந்துவிட்டது. சிவப்பு மட்டும் திட்டாக நின்றது. நாளைக்கு மேடை. அவனுக்கு அழுகையே வந்துவிட்டது. தலையில் கைவைத்து உட்கார்ந்தான்.

விஜயஸ்ரீ தின்னர் புட்டியை எடுத்து மூடி வைத்தாள்.

“காயலன்னு எனக்குத் தெரியாது. தப்புதான்” என்றாள் பிறகு. “ஆனா நீங்க வாசிச்ச கித்தாருக்கு வருஷா வருஷம் குற்றாலலிங்கம் அண்ணாச்சி வீட்டம்மாதான பொட்டு வச்சாவ? நம்ம சாமானுக்குத்தான நம்ம வைக்க முடியும்? இந்த வருஷம் மொதப் பொட்டே இதுக்குத்தான் வச்சேன்.”

“அதுக்குப் பேரு மேலயா வைக்கணும்?” என்று முணுமுணுத்தான். கோபம் தீரவில்லை. ராத்திரிச் சோற்றையும் பாதியில் தள்ளிவைத்தான்.

மறுநாள் குலசேகரன்பட்டினத்தில் மேடை ஏறும்போது குற்றாலலிங்கம் புதுக் கித்தாரை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“என்னலே, பேரு போடுதேன்னு ஊரெல்லாம் சொன்னியே, ஒண்ணயும் காணும்? இது யாரு கித்தாருன்னு எப்படித் தெரியும்?”

பூதத்தான் அவர் கையிலிருந்து அதை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டான்.

“பொட்டு இருக்குல்லா, அண்ணாச்சி. எங்க வீட்டுல வச்சது.”