பொட்டு வைத்த ஜெனரேட்டர்

பெட்ரோல் வாசனையும் சந்தன வாசனையும் கலந்தால் எப்படி இருக்கும் தெரியுமா? எனக்குத் தெரியும். இன்றைக்கும் அது மூக்கில் ஏறினால் எரிச்சல்தான் வருகிறது.

தினமும் கரண்ட் போன காலம். வேலப்பன்சாவடியில் நானும் நண்பன் மோகனும் கூட்டாக ஜெராக்ஸ் கடை வைத்திருந்தோம். கயிறு இழுத்து ஸ்டார்ட் பண்ணுகிற ஒரு பழைய ஜெனரேட்டர்தான் எங்களுக்குத் துணை.

ஆயுத பூஜை முடிந்து கடை திறந்த முதல் நாள்... பத்து மணிக்கு கரண்ட் போய்விட்டது. பன்னிரண்டுக்குத்தான் வரும். தேன்மொழி என்ற கல்லூரிப் பெண் பென்டிரைவைக் கொடுத்துவிட்டு நின்றாள். பன்னிரண்டு மணிக்குள் ப்ராஜெக்டை பைண்ட் பண்ணிக் கல்லூரியில் கொடுக்காவிட்டால் அந்த செமஸ்டர் போச்சு.

கயிற்றை இழுத்தேன். சும்மா வந்தது, எஞ்சின் சுற்றவே இல்லை. மூடியைக் கழற்றினால், எஞ்சினைப் பிடிக்க வேண்டிய சின்னப் பற்கள் மேல் காய்ந்த சந்தனம், குங்குமம்.

"இன்னாடா இது?" மோகனைக் கேட்டேன்.

"உள்ள கீறதுக்கும் பொட்டு வெக்கணும்ல மச்சான்... அதான்."

சுரண்டினால் இரண்டு நிமிஷ வேலை. நம்ம மோகன் சார், "முழுசா தொடச்சிரலாம்" என்று நடு போல்ட்டையும் கழற்றினார். உள்ளே சுருண்டிருந்த ஸ்பிரிங் துள்ளி வெளியே விழுந்தது. எனக்கு வந்த கோபத்துக்கு அவனை அங்கேயே அறைந்திருப்பேன்.

"உன்ன யார்ரா கழட்ட சொன்னது?"

"நீதான ஒயுங்கா தொடைன்ன?"

நான் சொல்லவே இல்லை. அவன் விடவும் இல்லை. சண்டை போட்டுக்கொண்டே ஸ்பிரிங்கைச் சுற்றினோம். முதல் தடவை தலைகீழாகச் சுற்றிவிட்டான். மறுபடி பிரித்தோம்...

தேன்மொழி மெதுவாகக் கேட்டாள். "அண்ணா, கரையான்சாவடில கரண்ட் இருக்காம். பென்டிரைவ குடுங்களேன், அங்க போட்டுக்கறேன்."

"அஞ்சு நிமிசம் இரும்மா."

சொன்னது நான்தான். வந்தவளை வேறு கடைக்கு அனுப்ப மனசு வரவில்லை. வீம்பு. என் பைக் வாசலிலேயே நின்றது, நானே கொண்டுபோய் விட்டிருக்கலாம்.

எஞ்சின் ஓட ஆரம்பித்தபோது பன்னிரண்டாகப் பத்து நிமிஷம். பிரிண்ட் போட்டு, பைண்ட் பண்ணி முடிக்கவே மணி தாண்டிவிட்டது. வாங்கிக்கொண்டு ஓடினாள்.

அரைமணி நேரத்தில் திரும்பி வந்தாள். புத்தகத்தை எங்கள் மேஜை மேல் வைத்தாள்.

"வாங்கலண்ணா."

அவ்வளவுதான். திட்டக்கூட இல்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

இப்போது கரண்ட் போவதே அபூர்வம். போனாலும் இன்வர்ட்டர் இருக்கிறது, ப்ராஜெக்டை மொபைலிலேயே அனுப்பிவிடுகிறார்கள். போன வாரம் மோகன் நம் வாட்ஸ்அப் குரூப்பில் இந்தக் கதையைப் போட்டான். பொட்டு, ஸ்பிரிங், எங்கள் சண்டை... எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்திருந்தீர்கள். தேன்மொழி பெயர் அதில் எங்கேயும் இல்லை.

பாதிக் கதை சொல்லாதே மோகன். அந்தப் பெண் கேட்டதையும், நான் அவளை அனுப்பாததையும் சேர்த்துப் போடு. அதற்கும் சிரிக்கிறார்களா பார்ப்போம்.