கண்ணாடிக்கு வைத்த பொட்டு

போன வாரம் எங்கள் வேனின் முன்கண்ணாடியில் ஒரு கீறல் ஓடியது. ஆமாம், ஓடியது. என் கண்ணெதிரே, 'டிக்' என்ற சத்தத்தோடு, பல்லி சுவரில் ஏறுகிற மாதிரி. அதை ஓடவிட்டவள் நான்தான்...

நான் சொல்லச் சொல்லப் பத்திரிகைக்காரர்கள் எழுதிப் போடுகிற இந்தப் பக்கத்தை வாராவாரம் படிக்கிறவர்களுக்கு என் மருமகள் மகேசுவைத் தெரியும். தெரியாதவர்களுக்கு — தொண்டாமுத்தூரில் காய்கறி ஏற்றி மேட்டுப்பாளையம் மண்டிக்கு மினி வேன் ஓட்டுகிறவள். அது என் மகன் சரவணனின் வண்டி. மஞ்சள் காமாலை அவனைக் கொண்டுபோய் மூன்று வருஷம் ஆகிறது. ஸ்டியரிங்கை அவள் பிடித்துக்கொண்டாள்.

வண்டி வாங்கிய அன்று அவன் சிவப்பு ஸ்டிக்கரைத் தன் கையால் வெட்டி, கண்ணாடி உச்சியில் 'அம்மா துணை' என்று ஒட்டினான். எழுத்து கொஞ்சம் கோணல். "அம்மன் துணைன்னு போடோணும் மாப்ள" என்றார் என் தம்பி. "அம்மனில்லீங் மாமா, எங்கம்மாதான்" என்றான் இவன்.

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். எழுத்துக் கூட்டாமல் ஒரே பார்வையில் படிக்க வருகிற வார்த்தைகள் எனக்குக் கொஞ்சம்தான். அந்த இரண்டும் அதில் உண்டு.

ஆயுத பூஜைக்கு நாலு நாள் முன்னால், ஜல்லி ஏற்றிப் போன டிப்பரிலிருந்து கல் தெறித்து, 'அம்மா'வுக்குச் சற்றுக் கீழே அடித்தது. கண்ணாடியில் மிளகு அளவுக்கு ஒரு சிதறல்.

"அத்தை, சின்னதா இருக்கறப்பவே ரெசின் ஊத்தி அடச்சரலாமுங்க. உக்கடத்துல ஒரு பாய் பண்றாருங்க."

"ரேஷனா? கண்ணாடிக்குமா ஊத்தறாங்க?"

"ரேஷனில்லீங் அத்தை, ரெசின். பசையாட்ட இருக்குமுங்க. ஊசில ஏத்துவாங்க."

"இந்த ஊட்ல ஊசி போட்டுப் பொழச்சவன் யாரு அம்மணி? கம்முனு இரு."

நிஜக் காரணம் அதுவல்ல. அவள் ஸ்டியரிங்கில் உட்கார்ந்த நாளிலிருந்து எங்கள் தெரு ஒரு வார்த்தையைச் சொல்லக் காத்திருக்கிறது — பொம்பளை ஓட்டினால் இப்படித்தான். ரிப்பேருக்குக் கொண்டுபோனால் தெருவுக்கே தெரிந்துவிடும். அந்த வார்த்தையைச் சொல்ல விடுவேனா?

பூஜையன்று சந்தனத்தைக் குழைத்து அந்தச் சிதறலின் மேலேயே அப்பினேன். அதன் மேல் குங்குமம். காயம் தெரியவில்லை. அன்றோடு விட்டேனா? வெள்ளிக்கிழமைதோறும் கண்ணாடியை ஈரத் துணியால் எழுத்தோடு சேர்த்து அழுத்தித் துடைத்து, புதுச் சந்தனம் வைத்தேன். "வண்டிக்குக்கூட என்னமா பொட்டு வெக்கறீங்கக்கா!" என்று பக்கத்து வீட்டுக்காரி சொன்னபோது பெருமையாகத்தான் இருந்தது.

மகேசு அந்தப் பொட்டைத் தொடாமலே வண்டியை எடுத்துப் போவாள். பொட்டுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தெரியாதா?

தை முடிவதற்குள் சிதறலுக்குக் கால் முளைத்துவிட்டது. பொட்டுக்கு வெளியே இரண்டு மயிரிழை. அப்புறம்தான் பயம் வந்தது. "உக்கடத்துக்குப் போலாம் கண்ணு" என்று நானே வாயைத் திறந்தேன்.

பாய் கண்ணாடியோடு கண்ணை வைத்துப் பார்த்தார். ஊசி முனையால் கிளறினார். மஞ்சளாக வந்தது. மறுபடி கிளறினார். மறுபடியும் மஞ்சள்.

"ஏனுங்கம்மா, இதென்னுங்க... கண்ணாடிக்குள்ள ஒரு கோயிலே இருக்குது?"

நான் விரலைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டேன்.

"கல்லு பட்டா, மேல ஒரு டேப்ப ஒட்டிப்போட்டு நேரா வந்தரோணுமுங்க. சுத்தமா இருந்தாத்தான் ரெசின் உள்ள எறங்கிப் புடிக்கும். இதுல சந்தனம் எறங்கிப்போச்சு. பண்ணிப் பாக்கறேன்... ஆனா உறுதியாச் சொல்றதுக்கில்லீங்க."

"பண்ணுங்க பாய். கண்ணாடிய மாத்துனா அந்த எழுத்துப் போயிருமுங்க. என்ற பையன் வெட்டுனது."

அவர் நிமிர்ந்து எழுத்தைப் பார்த்தார். ரப்பர்க் கப்பைக் கண்ணாடியில் பதித்து, அதில் மாட்டிய குழாயைத் திருகித் திருகி ரெசினை இறக்கினார். அப்போதுதான் அந்த 'டிக்'. கீறல் நேராக 'அம்மா'வுக்குள் புகுந்து மேலே போய் நின்றது.

"மன்னிச்சுருங்கம்மா" என்றார் பாய். அவர் ஏன் கேட்க வேண்டும்?

கண்ணாடியைக் கழற்றுவதற்கு முன், மகேசு வெந்நீர்த் துணியால் ஒற்றி ஒற்றி, பிளேடால் ஸ்டிக்கரை உரித்தாள். 'துணை' முழுதாக வந்தது. 'அம்மா' வரவில்லை. பொட்டுக்கு நேர் மேலே இருந்த எழுத்து அல்லவா... வாராவாரம் என் ஈரத் துணி தேய்த்துத் தேய்த்து நைந்துபோயிருந்தது. பொடிப்பொடியாக உதிர்ந்தது.

"நீ சொன்னப்பவே போயிருக்கோணும் கண்ணு. நாந்தான் கெடுத்துப்போட்டேன்."

"எதுக்குப் பொட்டு வெச்சீங்கன்னு எனக்குத் தெரியுமுங்க அத்தை" என்றாள். "எனக்காகத்தானுங்களே."

உரித்த 'துணை'யை ஒரு காகிதத்தில் பத்திரமாக ஒட்டி வைத்தாள்.

புதுக் கண்ணாடியில் 'துணை' மட்டும் பழைய இடத்தில் இருக்கிறது. முன்னால் ஒரு சாண் காலி. கடையில் புது எழுத்து வெட்டித் தருகிறோம் என்றார்கள். வேண்டாம் என்றுவிட்டேன். அவன் கை படாத எழுத்து எனக்கு எதற்கு?

மண்டியில் கேட்கிறார்களாம் — இது யார் துணை, ஏன் பாதியில் நிற்கிறது என்று.

எனக்கு யார் துணையென்று, ஓட்டுகிறவளைப் பார்த்தால் தெரியவில்லையா?