ஒன்பதாம் அறை விருந்தாளி

ஸ்ரீயானி அந்த ஹோட்டலுக்குள் முன்வாசலால் நுழைந்தது அன்றுதான் முதல் தடவை. ஐந்து வருடமாக அவள் வந்துபோவது சமையலறைப் பக்கத்துத் தகரக் கதவால். அங்கே கறிவேப்பிலை மரமும் காலி காஸ் சிலிண்டர்களும் நிற்கும். முன்பக்கத்தில் ஒரு கல்தொட்டி, அதில் ஈழத்தலரிப் பூக்கள், அதற்கப்பால் கதவே இல்லாத பெரிய வாசல். வாசலுக்குள் நேராகக் கடல். மழைக்காலத்துக் கடல், தேத்தண்ணி நிறத்தில் புரண்டுகொண்டிருந்தது.

அவளுடைய கணவர் லயனல் வாசலில் நின்று செருப்பைக் கழற்றினார். விகாரை வாசலில் கழற்றுவதுபோல ஒன்றோடொன்று ஒட்டி, சுவர் ஓரமாக வைத்தார்.

"இஞ்ச கழட்டத் தேவையில்ல" என்றாள்.

"நிலத்தைப் பார். கண்ணாடி மாதிரிக் கிடக்கு. துடைக்கிறதும் உங்கட ஆக்கள்தானே."

அவள் வற்புறுத்தவில்லை. அவர் செருப்போடு வந்தாலென்ன, செருப்பில்லாமல் வந்தாலென்ன. அவளுக்குப் பயம் ஒன்றே ஒன்றுதான்: நாளைக் காலை இந்த வாசலால் வெளியே போகும்வரை, யாரும் வாய்தவறி அந்தச் சொல்லைச் சொல்லிவிடக் கூடாது.

ஸ்பா. வெளிநாட்டுக்காரர்களுக்கு அது குளிப்பதுபோல, முகம் கழுவுவதுபோல ஒரு சாதாரணச் சொல். காலி நகரிலிருந்து அக்குரஸ்ஸை வரை பஸ் ஓட்டும் லயனலுக்கு அது பேப்பரில் வரும் சொல். பேப்பரில் அந்தச் சொல் வந்தால் பக்கத்திலேயே பொலிஸ் என்ற சொல்லும் வரும். துவாயால் முகத்தை மூடிக்கொண்ட பெண்களின் படமும் வரும். பஸ் ஸ்டாண்டில் கண்டக்டர்மார் அதை உரத்து வாசித்துச் சிரிப்பார்கள். லயனலும் சிரிப்பார். வீட்டுக்கு வந்து, சோறு பிசைந்தபடி மனைவியிடமும் சொல்லிச் சிரிப்பார்.

அதனால்தான் கடந்த நவம்பரில், அறை துப்புரவிலிருந்து அவளை எண்ணெய் தேய்த்துவிட ஸ்பாவுக்கு மாற்றியபோது, அவள் வீட்டில் ஒன்றும் சொல்லவில்லை. பொய் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டாள், அவ்வளவுதான். சொல்லாமல் விட்டது மாதத்துக்கு மாதம் வளர்ந்து இப்போது வீட்டுக்குள் ஒரு அலுமாரி அளவுக்கு நின்றது. இருவரும் அதைச் சுற்றித்தான் நடமாடினார்கள், லயனலுக்குத் தெரியாமலே.

இன்றைய தங்கலும் அவள் கேட்டு வாங்கியதல்ல. ஆட்கள் வராத மழைக்காலத்தில் ஒவ்வொரு ஊழியரும் கணவனோடோ மனைவியோடோ ஓர் இரவு விருந்தாளியாகத் தங்க வேண்டும் என்பது மெனேஜர் ருவனின் ஏற்பாடு. "படுத்துப் பாத்தாத்தான் அக்கே, எங்க குத்துதெண்டு தெரியும்" என்பார். அவள் மூன்று தடவை தள்ளிப்போட்டாள். காய்ச்சல் என்றாள், மகளுக்குப் பல்கலைக்கழகப் பரீட்சை என்றாள். நாலாவது தடவை ருவன் வீட்டு எண்ணுக்கே அழைத்து லயனலிடம் பேசிவிட்டார். அன்று மாலையே லயனல் தன் நீளக் காற்சட்டையை இஸ்திரி போட்டு வைத்தார்.

ஒன்பதாம் அறையில் கட்டிலின் நடுவே, துவாயில் மடித்த அன்னம் ஒன்று இருந்தது. லயனல் அதைத் தொடாமல் சுற்றிவந்து பார்த்தார்.

"இது நீ மடிச்சதோ?"

"ஓம்" என்றாள். அந்த ஓம் வாயிலிருந்து தானாகவே போய்விட்டது.

அந்நேரம் பார்த்து, அன்னத்தை உண்மையில் மடித்த, அறை துடைக்கும் மங்களிகா இளநீரோடு வந்தாள். லயனல் பெருமையோடு அவளிடம் சொன்னார்: "பாத்தீங்களோ தங்கச்சி, எங்கட ஆள்ட கைவேலை. வீட்டில என்ட சாரத்தைக்கூட மடிக்க மாட்டா."

மங்களிகா இளநீரை வைத்துவிட்டு ஸ்ரீயானியைப் பார்த்தாள். "ஓம் அண்ணே. அவட கை வேற மாதிரிக் கை. நாங்கள் எல்லாம் கிட்ட நிக்கேலாது."

சொல்லிவிட்டு, சிரிப்பைக் கதவுக்கு வெளியே கொண்டுபோனாள். ஸ்ரீயானியின் காது சூடேறியது.

லயனல் கட்டிலின் விளிம்பில் மட்டும் உட்கார்ந்தார். பஸ்ஸில் டிக்கட் எடுக்காத பயணிபோல, எந்த நேரமும் எழும்பத் தயாராக. முதுகு வலித்தது என்பது அவர் இடுப்பைப் பிடித்த விதத்தில் தெரிந்தது. அந்த வலி எங்கே தொடங்கி எந்த வழியாகத் தொடைக்கு இறங்குகிறது என்று அவளுக்குத் தெரியும். சில மாதங்களாக வீட்டில் அவருக்கு எண்ணெய் பூசும்போது விரல்கள் தாமாகவே அங்கே போய் நிற்கும், அவள் வேண்டுமென்றே பிழையான இடத்துக்கு அவற்றை நகர்த்துவாள். சரியாகச் செய்தால், எங்கே பழகினாய் என்று கேட்பாரே.

மத்தியானச் சாப்பாட்டுக்குக் கடலோரப் பலகைத்தளத்தில் இருத்தினார்கள். தட்டு பெரிது, அதன் நடுவில் சின்னதாக மீன். லயனல் தட்டின் காலி இடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "மிச்சம் பிறகு வருமோ?"

"இவ்வளவுதான்."

"சரி, சரி. காசுக்காரருக்கு வயிறு சின்னன்போல."

அவள் சிரித்தாள். இப்போது சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். மீன் நன்றாக இருந்தது, காற்று நன்றாக இருந்தது, அவர் முகமும் நன்றாக இருந்தது. அவள் வாயைத் திறந்தபோது லயனல் தோட்டத்துப் பக்கம் பார்த்து, அங்கே ஒரு பலகையில் இருந்த ஆங்கில எழுத்துகளை ஒவ்வொன்றாக வாசித்தார்.

"எஸ். பீ. ஏ." கொஞ்சம் நிறுத்தினார். "இஞ்சயும் நடக்குதோ அந்த யாவாரம்?"

"அது நல்ல இடம்."

"எல்லாரும் அப்பிடித்தான் சொல்லுவினம், பொலிஸ் ஜீப் வந்து நிக்கும் மட்டும்." மீனில் முள் எடுத்தார். "நீ அந்தப் பக்கம் போறேல்லதானே?"

கடல் ஒரு அலையை இழுத்தெடுத்து, யோசித்து, பிறகு அடித்தது. ஸ்ரீயானி தண்ணீர்க் குவளையை எடுத்துக் குடித்தாள். அது அவருடைய குவளை.

பிற்பகலில் ஹிருணி வந்தாள். ஸ்ரீயானியோடு வேலை செய்கிற பெண், மகள் வயது. காலையில் ஸ்ரீயானி அவளைப் பிடித்துப் பாடம் சொல்லிக்கொடுத்திருந்தாள்: ஆயுர்வேத அறை என்றுதான் சொல்ல வேண்டும், என்னைப் பற்றிக் கதைக்கவே கூடாது. ஹிருணி கைகூப்பி, பாடத்தைப் பிழையில்லாமல் ஒப்புவித்தாள்.

"ஆயுபோவன் அங்கிள். ஆயுர்வேத அறை தயார். வாங்க."

"ஆயுர்வேதமெண்டா நல்லதுதானே" என்று லயனல் எழுந்தார். "இடுப்புக்கு எண்ணெய் போடுவீங்களோ மகள்?"

"போடுவம் அங்கிள்." ஹிருணி தோட்டப் பாதையில் முன்னே நடந்தாள். சொன்னபடி செய்துவிட்ட நிம்மதியில், வழக்கமாகக் கேட்பதுபோலவே திரும்பிக் கேட்டாள்: "அக்கே, மற்றக் கட்டில் ராத்திரி மழை ஒழுகி நனைஞ்சிட்டுது. அங்கிளை உங்கட கட்டில்லயே படுக்க வைக்கட்டா?"

ஹிருணி உதட்டைக் கடித்துக்கொண்டு வேகமாக நடந்தாள். லயனல் அதே நடையில் போனார். அவருடைய முதுகை மட்டுமே ஸ்ரீயானியால் பார்க்க முடிந்தது. இத்தனை முதுகுகளைப் படித்த அவளால் அந்த முதுகை வாசிக்க முடியவில்லை.

அங்கே வேலை செய்பவர்களுக்குக் கட்டில் என்றால் எண்ணெய் தேய்க்கும் மேசை. ஆளுக்கொரு கட்டில், அதன் உயரம் அவரவர் இடுப்புக்கு ஏற்றபடி. ஆனால் இதை இப்போது எந்த வாயால் விளக்குவது. உங்கட கட்டில். பேப்பரில்கூட இப்படி எழுத மாட்டார்கள்.

உள்ளே எலுமிச்சைப்புல் வாசனை. சாய்வு நாற்காலியைக் காட்டியதும் லயனல் உட்கார்ந்தார். கைகள் முழங்காலில், முகம் ஸ்டியரிங்கின் பின்னால் இருக்கும் முகம். ஸ்ரீயானி கதவோரம் நின்றாள். அவர் இப்போது எழும்பி, நட வீட்டுக்கு என்பார். நாளை முதல் வேலைக்குப் போக வேண்டாம் என்பார். சத்தம்கூடப் போட மாட்டார், அதுதான் அவர் வழக்கம்.

ஹிருணி செப்புப் பாத்திரத்தில் பூ மிதக்கும் வெந்நீரோடு வந்து, லயனலின் முன் முழங்காலிட்டுக் குனிந்தாள்.

லயனலின் வலது கை தானாக எழுந்தது. அவள் தலையில் மெதுவாகப் படிந்தது.

"புது சரணை, மகள். நல்லா இருங்க."

புத்தர் துணை என்று, புத்தாண்டுக்கு வெற்றிலையோடு வந்து காலில் விழும் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் அவர் சொல்கிற அதே ஆசீர்வாதம், அதே குரல். ஹிருணி குனிந்தபடியே உறைந்துபோனாள். கையிலிருந்த சிரட்டையிலிருந்து நீர் வழிந்து அவர் காலில் விழுந்தது. அப்போதுதான் அவர் பாத்திரத்தைப் பார்த்தார். ஹிருணியின் முழங்கால்களைப் பார்த்தார். காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டு எழுந்தார். ஈரக் காலோடு பின்கதவால் கடற்பக்கம் போய்விட்டார்.

ஸ்ரீயானி பின்னால் ஓடினாள். தாழை மரங்களுக்குக் கீழே அவர் நின்றார்.

"உன்ட கட்டிலோ?" கடலைப் பார்த்துத்தான் கேட்டார்.

"ஓம்."

"எப்ப தொடக்கம்?"

"நவம்பர்." பிறகு, மாதக்கணக்கில் அடுக்கிவைத்திருந்த பதில்களெல்லாம் ஒரேயடியாகச் சரிந்தன. "கதவில கண்ணாடி இருக்கு. துணி போர்த்தித்தான் இருப்பினம். கையுக்குக் கிட்ட மணி இருக்கு. ஒருத்தன் ஒருக்காத் தேவையில்லாமக் கதைச்சவன், ருவன் அண்டைக்கே பெட்டியைத் தூக்கி வெளிய வச்சிட்டார். பொம்பிளையள்தான் கூட வாறது, ஆம்பிளையளும் வருவினம், ஆனா நான்..."

"நான் அதக் கேட்டனானோ?"

அவள் நிறுத்தினாள்.

"நீயும் அந்தப் பிள்ளை மாதிரித்தானோ? முழங்கால்ல நிண்டு?"

ஒரு கணம் அவளுக்குக் கேள்வியே விளங்கவில்லை. "எல்லாருக்கும் முதல்ல கால் கழுவித்தான் தொடங்குறது."

"ஆர் வந்தாலும்?"

"ஆர் வந்தாலும்."

"சின்னப் பெடியள் வந்தா?"

"கலியாணம் முடிச்ச கையோட வருவினம். எங்கட மகள்ட வயசுதான் இருக்கும்."

லயனல் தலையை ஆட்டினார். "பெரிய மனுசி நீ. அம்மா அப்பாவுக்கும் பிக்குமாருக்கும் குனியிற தலை. கண்ட கண்டவன்ட காலுக்கு."

"கும்பிடுறதில்ல. கழுவுறது. ரெண்டும் வேற."

"எங்கால வேற? எனக்கே தெரியேல்லயே. தலையில கைய வச்சிட்டனே." அவர் குரல் கொஞ்சம் உடைந்து, சிரிப்புக்கும் மற்றதற்கும் இடையில் எங்கோ நின்றது. "அவங்கள் என்ன சொல்லுவாங்கள்? நல்லா இரு எண்டு ஒரு வார்த்தை சொல்ல மாட்டாங்களோ?"

"கூசுதெண்டு சிரிப்பினம். சிலபேர் போனைப் பாப்பினம்."

"போனை."

"ஓம்."

அவர் மணலில் துப்பினார். ஏழெட்டு மாதமாக அவள் ஒரு கதவை அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவர் வந்திருப்பதோ வேறு கதவால். அந்தக் கதவுக்கு அவளிடம் பூட்டில்லை.

"விடச் சொல்லுறீங்களோ?" என்று கேட்டாள். அவர் பதில் சொல்லுமுன், தன் குரல் மேலும் பேசுவது அவளுக்கே கேட்டது. "சொன்னாலும் விட மாட்டன்."

லயனல் திரும்பிப் பார்த்தார்.

"கார்மெண்ட்ல பதினொரு வருசம் கொலர் தச்சனான். போட்ட ஒருத்தரையும் கண்டதில்ல. அறை துடைக்கேக்கயும் அப்பிடித்தான், ஆள் வெளிய போனாப் பிறகுதான் நான் உள்ள போறது. தலையணையில கிடக்கிற மயிரைத்தான் தெரியும். இஞ்ச ஆக்களைத் தெரியுது. ஆருக்கு எங்க நோகுதெண்டு என்ட கைக்குத் தெரியுது. நித்திரை வராம நாடு நாடாத் திரிஞ்ச ஒரு மனுசி என்ட கையில நித்திரை கொண்டவ."

இவ்வளவு நீளமாக அவரிடம் அவள் பேசியதில்லை. மழை தூறத் தொடங்கியிருந்தது. இருவரும் அசையவில்லை.

லயனல், வளைவில் பஸ்ஸை ஒடிக்கும்போது செய்வதுபோல, தாடையை ஒருபக்கம் இழுத்துக்கொண்டு சொன்னார்:

"வாற புத்தாண்டுக்கு நீ எனக்குக் கும்பிட வேண்டாம்."

விலக்கி வைக்கிறாரா?

"ஏன்?"

"வருசம் பூரா முழங்கால்லதான் நிக்கிறாய். அது காணும். வீட்டிலயும் என்னத்துக்கு." இடுப்பைப் பிடித்துக்கொண்டார். "பிள்ளையள் கும்பிடட்டும். நீ பக்கத்தில இரு."

இது சம்மதமா என்று அவளுக்குத் தெரியவில்லை. கேட்டால் கலைந்துவிடும் என்றும் பட்டது. "பஸ் ஸ்டாண்டில?" என்று மட்டும் கேட்டாள்.

"கேட்டா ஹோட்டல் எண்டுவன். கூடக் கேட்டா..." அவர் முடிக்கவில்லை. அந்த இடத்தில் அவருக்கும் பயமாகத்தான் இருந்தது, அது முகத்தில் தெரிந்தது. "உள்ள போவம். அந்தப் பிள்ளை அழப்போகுது."

ஹிருணி அழுதுதான் இருந்தாள். லயனல் மறுபடி நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டினார். கண்களை மூடிக்கொண்டார். கைகளைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டார், மறுபடி எழுந்துவிடாதபடி.

பிறகு மேசையில் குப்புறப் படுத்தார். முகம் வைக்கும் துளைக்குள்ளிருந்து குரல் வந்தது. "ஆர் செய்யிறது?"

"நான்."

"ம்."

ஸ்ரீயானி எண்ணெயை உள்ளங்கையில் ஊற்றினாள். கைகள் இரண்டும் கடல்மீன்போலக் குளிர்ந்து கிடந்தன. அப்படியே வைத்தால் அவர் துள்ளிவிடுவார். தேய்த்தாள். ஊதினாள். மீண்டும் தேய்த்தாள்.

"என்ன, இன்னும் தொடங்கேல்லயோ?"

"கொஞ்சம் பொறுங்க. கை சூடாகட்டும்."

கீழே, துளைக்குள் அவர் பெருமூச்சு விட்டது கேட்டது. அவள் தேய்த்துக்கொண்டே நின்றாள். இன்று அவை சூடாக நேரமெடுத்தன.