கதவோரக் குரல்

வீட்டில் யாராவது சூடான பாத்திரத்தைத் தூக்கினால் போதும், என் சித்தப்பா கதவோரம் போய் நின்றுகொள்வார். "முன்னாடி வா. இன்னும் ரெண்டடி. இடது பக்கம் நாற்காலி. நில்லு. இப்ப இறக்கு."

சித்தி திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாள். "கல்யாணமான நாள்லேர்ந்து இந்தச் சமையக்கட்டுலதான் நடக்கறேன். எனக்கு வழி தெரியும் சாமி."

கடற்படையில் இருந்த நாளில் அவருக்கு அது தொழில். விமானம் தாங்கிக் கப்பலின் மீட்பு ஹெலிகாப்டரில், பக்கவாட்டுக் கதவருகே படுத்துக்கொண்டு, தண்ணீரில் கிடப்பவரைத் தூக்கக் கீழே இரும்புக் கம்பிக்கயிறு இறக்குகிற வேலை. ஓட்டுபவருக்கு நேர் கீழே என்ன நடக்கிறதென்று தெரியாது. கதவோரத்தில் இருப்பவன் பார்த்துப் பார்த்துச் சொல்ல வேண்டும். குரல் நிற்கவே கூடாது. கண்ணால் கண்டதைத் தவிர ஒரு சொல்லும் சொல்லக் கூடாது.

கப்பலிலிருந்து போர் விமானங்கள் கிளம்பும் முன்பே அந்த ஹெலிகாப்டர் மேலே போய்விடும். கடைசி விமானமும் திரும்பிய பிறகுதான் கப்பலில் இறங்கும். யாராவது கடலில் விழுந்தால் எடுக்க வேண்டுமே. மற்ற நேரங்களில் நீர்மூழ்கிகளின் சத்தம் கேட்கும் கருவியைத் தண்ணீரில் தொங்கவிட்டுக் காத்துக்கிடக்கும், தபால் கொண்டுவரும், நோயாளியைக் கரை சேர்க்கும். வேலை முடிந்தால் சுழலும் இறக்கைகளை மடக்கி, கப்பலின் கீழ்த்தளத்தில் குடையைப் போல ஒடுக்கி வைத்துவிடுவார்கள். உப்பு அரிக்காமல் இருக்க ஒவ்வொரு முறையும் நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும். "நாங்க ஒரு குவளையில குளிப்போம், மாப்பிள்ளைக்கு மட்டும் முழுக்குளியல்" என்பார் சித்தப்பா.

அந்த மாப்பிள்ளைக்கு ஆயுள் முடிந்துவிட்டது. ஹெலிகாப்டரின் வயதைப் பறந்த நேரத்தில் கணக்கிடுவார்களாம்; அது தீர்ந்தால் எவ்வளவு பளபளத்தாலும் பயனில்லை. இயந்திரத்தைக் கழற்றிவிட்டு, வெறும் கூட்டை எங்கள் ஊர்ப் பூங்காவில் மேடை கட்டி நிறுத்தப்போவதாகச் சொன்னார்கள். சித்தப்பாவையும் அழைத்திருந்தார்கள். கூடவே, பல வருடங்களுக்கு முன் அந்தக் கப்பலிலிருந்து கிளம்பும்போதே கடலில் விழுந்து இறந்த விமானியின் மனைவியும் வருவதாகச் செய்தி.

அன்றிலிருந்து சித்தப்பாவுக்குச் சோறு இறங்கவில்லை. விழுந்த வேகத்திலேயே கணவர் போய்விட்டார் என்றுதான் அந்த அம்மாவிடம் அதிகாரிகள் சொல்லியிருந்தார்கள். உண்மையில் அவர் உயிரோடு சித்தப்பாவின் கம்பி வரை வந்தவர். கம்பியை வெட்டியது சித்தப்பா. வெட்டாவிட்டால் ஹெலிகாப்டரோடு எல்லோரும் போயிருப்பார்கள், சித்தப்பா மேல் தப்பில்லை என்று விசாரணையில் முடிவானது. எங்கள் குடும்பத்துக்கு இவ்வளவும் தெரியும்.

"அந்தம்மா கேட்டா என்ன சொல்றது?"

"கேட்டாதானே," என்றாள் சித்தி. "கேக்கலேன்னா வாயைக் கட்டிக்கிட்டு வாங்க. கேட்டாலும் அதையேதான் செய்யுங்க. நிம்மதியா இருக்கறவளை எதுக்குக் கிளறணும்?"

எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். அவர் என் பக்கம் திரும்பினார். நான் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டேன்.

ஸ்கூட்டரில் நான்தான் அவரைப் பூங்காவுக்கு அழைத்துப்போனேன். கிரேனில் ஹெலிகாப்டர் தொங்கிக்கொண்டிருந்தது. கதவின் அடியில் பெயின்டை மீறி உப்பு அரித்த தடம். சித்தப்பா யாரையும் கேட்காமல் மேடையருகே போய் ஆரம்பித்துவிட்டார். "பின்னாடி ஒரு அடி. வலது பக்கம் கொஞ்சம். வால் ஒதுங்குது, நில்லு."

கிரேன்காரர் மேலிருந்து சிரித்தார். "ஐயா, என் பொண்டாட்டிகூட இவ்வளவு பேசமாட்டா."

"பேசலேன்னா உனக்குத் தெரியாது. இறக்கு. இன்னும் ஒரு சாண். அவ்வளவுதான்."

சக்கரங்கள் மேடையில் உட்கார்ந்ததும் நரைத்த தலையோடு ஒரு பெண்மணி அருகில் வந்தார். திறந்திருந்த கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அன்னைக்கு இதுல நீங்க இருந்தீங்களா?"

"இருந்தேம்மா. இந்தக் கதவுலதான்."

"நீங்க போறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிருச்சுன்னு சொன்னாங்க."

சித்தப்பா கதவின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். நான் அவர் முழங்கையைத் தொட்டேன். எதற்காகத் தொட்டேன், சொல்லச் சொல்லியா, வேண்டாமென்றா? இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

"இல்லம்மா. உயிரோட இருந்தாரு."

பிறகு கம்பி இறக்கும்போது பேசுகிற அதே குரலில், ஏற்ற இறக்கம் இல்லாமல் சொன்னார். "தண்ணியில மிதக்கறாரு. பக்கத்துலயே பாராசூட். கம்பி இறங்குது. அவரே பிடிச்சு மாட்டிக்கிட்டாரு. கட்டை விரலைத் தூக்கிக் காட்டறாரு. பாராசூட் கொக்கி தோளுக்கு ஒண்ணு. ரெண்டும் கழண்டிருக்கான்னு பார்த்துட்டுத்தான் தூக்கணும். இடது தோள் தெரியுது, கழண்டிருக்கு. வலது தோள் அலைக்குள்ள இருக்கு, தெரியலை. ரெண்டும் கழண்டாச்சுன்னு நான் சொல்லிட்டேன்."

அந்த அம்மா இன்னும் ஒரு அடி கிட்ட வந்தார்.

"தூக்க ஆரம்பிச்சோம். அவரோட ஒட்டிக்கிட்டே வந்த பாராசூட்டுல தண்ணி ரொம்பி எங்களையே கீழ இழுக்குது. கம்பியை வெட்டற பொத்தான் என் கைகிட்ட. அமுக்கிட்டேன். எங்ககூட இருந்த நீச்சல்காரர் குதிச்சுத் தேடினாரு. ஹெல்மெட்தான் கிடைச்சுது. வலது தோளை நான் பாக்கலைம்மா. விசாரணையில அதைச் சொல்லலை. கழட்டின பிறகு பாராசூட் கயிறு சுத்திக்கிச்சுன்னு அவங்க எழுதிக்கிட்டாங்க. நானும் விட்டுட்டேன். வீட்டுலகூடச் சொன்னதில்லை."

அந்த அம்மா கேட்டார். "வெட்டும்போது உங்களைப் பாத்துக்கிட்டு இருந்தாரா?"

"பாத்துக்கிட்டுதான் இருந்தாரு."

அந்த அம்மா அழவில்லை, திட்டவில்லை. "இத்தனை வருஷம் அவர் எதுவும் தெரியாமப் போயிட்டார்னு இருந்தேன். அது ஒண்ணுதான் என்கிட்ட இருந்துச்சு," என்றார். கைப்பையைத் தோளில் சரிசெய்துகொண்டு, விழாவுக்குக்கூட நிற்காமல் வாசலை நோக்கி நடந்தார். சித்தப்பா அவருக்குப் பின்னால் நாலு அடி போய், நின்றுவிட்டார்.

சொன்னது அந்த அம்மாவுக்காகவா, தன் பாரத்தை இறக்கவா? திரும்பும் வழியில் கேட்க நினைத்தேன். ஸ்கூட்டர் கண்ணாடியில் அவர் முகத்தைப் பார்த்ததும் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்து நடந்ததைச் சித்தியிடம் நான்தான் சொன்னேன். வலது தோள் விஷயம் வந்ததும், ஒரு நொடி கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு அடுப்பிலிருந்த குழம்புச் சட்டியைத் துணியால் பிடித்துத் தூக்கினாள். சித்தப்பா கதவருகேதான் உட்கார்ந்திருந்தார். எழவில்லை. வாயும் திறக்கவில்லை.

"என்ன, வழி காலியா இருக்கா?" என்றாள் சித்தி. "பாத்துச் சொல்லுங்க."

அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சூடு துணியைத் தாண்டிக் கையைச் சுட்டிருக்கும். சித்தி சட்டியை இறக்காமல் நின்ற இடத்திலேயே நின்றாள்.