கண் தெரியாத கோழியும் ஊதா பல்பும்

முட்டைப் பண்ணையில் ராத்திரி வேலை பார்ப்பவன் காவல்காரன் இல்லை, கோழிக்குப் பகலை நீட்டிக் கொடுப்பவன். பதினாறு மணி நேரம் வெளிச்சம் கிடைத்தால்தான் கோழி ஒழுங்காக முட்டையிடும். அதனால் விடிகாலை நாலு மணிக்கே ஷெட்டில் லைட் போட வேண்டும். வேங்கிக்கால் தாண்டி இருக்கிற எங்கள் பண்ணையில் பதினோரு வருஷமாக அந்த சுவிட்ச் என் கையில். ராத்திரி வேலை பார்த்து, ஊர் விழிக்கும்போது படுக்கப் போகிறவர்களுக்கு இதற்கு மேல் விளக்க வேண்டாம்.

மண்டைக்குள் ஒரு கண்

பகலில் எனக்குத் தூக்கம் வராது. படுத்துக்கொண்டே போனில் கோழியைப் பற்றிப் படிப்பேன். பறவைகளுக்குக் கண்ணில் மட்டுமல்ல, மூளைக்குள்ளேயும் வெளிச்சத்தை உணரும் செல்கள் உண்டாம். மண்டை ஓட்டைத் தாண்டி வெளிச்சம் உள்ளே போகிறது. முட்டையிடும் வேலையை முடுக்கிவிடுவது முக்கியமாக அந்தச் செல்கள்தான். முதலாளி பாயிடம் ஓடிப் போய்ச் சொன்னேன். அவர் டீயைக் கீழே வைக்கக்கூட இல்லை.

"மண்டைக்குள்ள கண்ணா? என் மண்டைக்குள்ள மூளை இருக்குதான்னே வீட்ல சந்தேகப்படறாங்க. போய் தண்ணி லைனப் பாரு சேகரு."

கறி வண்டி

இரண்டாவது ஷெட்டில் ஒரு கோழிக்கு இரண்டு கண்ணும் போய்விட்டது. கறி வண்டியில் ஏற்றிவிடச் சொன்னார் பாய். ஒரு வாரம் விடுங்கள் என்று கேட்டு வாங்கினேன். தீவனத்தை அலகால் தடவித் தடவிக் கண்டுபிடித்துத் தின்றது, தவறாமல் முட்டையும் போட்டதால் வண்டி ஏறாமல் தப்பியது. முட்டை எடுக்கிற அலமேலு அக்கா கூண்டு முன்னால் நின்று என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"கண்ணு தெரியாதவ கரெக்டா வேல பாக்கறா. கண்ணு தெரிஞ்ச நீ இன்னாத்துக்கு தூண்ல சாஞ்சிக்கினு நிக்கற?"

ஊதா வெளிச்சம்

கோழிகள் ஒன்றையொன்று கொத்துகின்றன என்று, யாரோ சொன்னதைக் கேட்டு, இரண்டாவது ஷெட் முழுக்க ஊதா பல்ப் மாட்டினார் பாய். கோழிகள் சாது ஆகிவிட்டன. மூன்று வாரத்தில் முட்டையும் கம்மியாகிவிட்டது. பழி என் தலையில்: நாலு மணிக்கு லைட் போடாமல் தூங்கிவிட்டேனாம்.

"ரெண்டு ஷெட்டுக்கும் ஒரே சுவிட்சு பாய். நான் தூங்கியிருந்தா மொத ஷெட்லயும் கொறைஞ்சிருக்கணுமே" என்றேன். பாய் ஒத்துக்கொள்ளவில்லை.

"மொத ஷெட்டு எளங்கோழி, அது எப்படியும் போடும். ஆசிரமத்துப் பக்கம் தியானம்னு அத்தனை பேரு கண்ண மூடிக்கினு உக்காந்திருக்காங்க, நீயும் போய் சேந்துக்க. மாசம் முடியட்டும், வேற ஆள் பாத்துக்கறேன்."

சாட்சி

கண் தெரியாத கோழியும் முட்டையை நிறுத்தியிருந்தது. ஊதா வெளிச்சம் மண்டை ஓட்டைத் தாண்டி அவ்வளவாக உள்ளே போகாது, சிவப்பும் மஞ்சளும் போகும் என்று படித்திருந்தேன். அந்தக் கோழியைத் தூக்கிக்கொண்டு போய் முதல் ஷெட்டில், பழைய மஞ்சள் பல்புக்குக் கீழே வைத்தேன். அதே தீவனம், அதே நாலு மணி. பதினைந்தாம் நாள் முட்டை. அலமேலு அக்காவே அதை எடுத்துப் போய் பாய் கையில் வைத்தார். பாய் வந்து, கோழியின் மூடிய கண்களுக்கு முன்னால் கையை ஆட்டிப் பார்த்தார். அது அசையவில்லை. அன்று மாலையே இரண்டாவது ஷெட்டில் மஞ்சள் பல்ப் மாட்டச் சொன்னார்.

"இத மட்டும் வண்டில ஏத்தாத சேகரு. இனிமே பல்ப் வாங்கறதுக்கு முன்னாடி இதுகிட்டயே கேட்டுக்கறேன்."

கண் தெரியாத கோழி என் வேலையைக் காப்பாற்றிக் கொடுத்துவிட்டது, பகல் தூக்கத்தைத்தான் எந்தக் கோழியாலும் வாங்கித் தர முடியவில்லை.