கூழுக்கு விட்ட தண்ணீர்

திருக்கழுக்குன்றத்துக்குக் கிழக்கே முந்நூறு வீடுகள் உள்ள ஊரில் அப்பாசாமி பஞ்சாயத்து டேங்க் ஆபரேட்டர். பதினெட்டு வருடமாக விடியற்காலையில் பக்கெட்டில் பிளீச்சிங் பவுடரைக் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கும்வரை ஒரு பீடி பிடித்து, தெளிந்த தண்ணீரை மட்டும் ஏணியேறிப் போய்த் தொட்டியில் ஊற்றுவார். டீ நாறினாலும் அவரைத்தான் திட்டுவார்கள், பருப்பு வேகாவிட்டாலும் அவரைத்தான். ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

ஆடி மாதத்தில் மட்டும் அவரும் வளைந்துகொடுப்பார். அம்மன் கோயிலில் ஞாயிற்றுக்கிழமை கூழ் ஊற்றுவார்கள். முதல் நாளே காய்ச்சி வைத்த கூழைக் காலையில் குழாய்த் தண்ணீர் விட்டுக் கரைப்பார்கள். அதில் மருந்து வாடை அடித்தால் ஆத்தாளுக்கு ஆகாதாம். எந்த ஆத்தா வந்து சொன்னாளோ தெரியாது. வருடாவருடம் வந்து சொல்கிறவள் எதிர்வீட்டுத் தெய்வநாயகி.

"அண்ணாத்த, நாளைக்கு மருந்து போட்றாத. ஒரு தபா போட்டு கூழு ஆஸ்பத்திரி மாரி நாறிச்சு."

"அதிகாரி யாராச்சும் வந்தா?"

"ஞாயித்துக்கெயமை எவன் வர்றான்? ஒரு நாள்தான, ஆத்தா பாத்துக்குவா."

இந்த ஆடியிலும் அவர் பவுடர் போடவில்லை. நோட்டில் மட்டும் போட்டதாக டிக் அடித்தார். அதுவும் வழக்கம்தான்.

செவ்வாய்க்கிழமைக்குள் நாற்பது பேருக்கு வாந்தி பேதி. தெய்வநாயகியின் புருஷன் முனிசாமி சர்க்கரை நோயாளி. ஆம்புலன்ஸ் செங்கல்பட்டு போய்ச் சேர்வதற்குள் போய்விட்டார்.

சுகாதார ஆய்வாளர் வந்து தோண்டிப் பார்த்தார். திருவிழாவுக்காகக் கால்வாய் தூர் வாரிய ஜேசிபி குழாயைக் கீறிவிட்டிருந்தது. சாக்கடை உள்ளே இறங்கியிருக்கிறது.

"மருந்து இருந்திருந்தா இத்தனை பேருக்கு வந்திருக்காதே," என்று நோட்டைப் புரட்டினார். "ஞாயித்துக்கிழமை போட்டீங்களா?"

அப்பாசாமி தான் அடித்த டிக்கைப் பார்த்தார்.

"அவரு டெய்லி போடுவாரு சார்," என்றாள் பக்கத்தில் நின்ற தெய்வநாயகி.

ஆய்வாளர் குழாய் உடைப்பு என்று எழுதிக்கொண்டு போனார்.

அன்று சாயங்காலம் அப்பாசாமி அவள் வாசலில் போய் நின்றார். "ஏம்மா அப்டி சொன்ன?"

"வேற இன்னா சொல்றது? நான்தான வேணான்னேன்." அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

முனிசாமியின் காரியச் சாப்பாட்டுக்குப் போனார். உட்கார்ந்து சாப்பிட்டார். பாயசம் இனித்ததா என்று யாராவது கேட்டிருந்தால் அவருக்குச் சொல்லத் தெரிந்திருக்காது. நல்ல வெயிலில் வெறுங்காலோடு இரும்பு ஏணி ஏறி இறங்குகிறார், கால் சுடுவது உறைப்பதில்லை. முனிசாமி அவரோடு முப்பது வருடம் பீடி பகிர்ந்தவர். ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லையே என்பதுதான் அப்பாசாமிக்குப் பயமாக இருந்தது.

குழாயை மாற்றிவிட்டார்கள். தினமும் ஆறு மணிக்குத் தண்ணீர் திறந்ததும் தெய்வநாயகி குடத்தோடு முதல் ஆளாக வருகிறாள். குடம் நிரம்பியதும் தூக்குவதில்லை. ஒரு கை அள்ளி மூக்கருகே வைத்து முகர்ந்து பார்க்கிறாள். மருந்து வாடை இருந்தால்தான் குடம் இடுப்புக்கு ஏறும். அப்பாசாமி வால்வுக்குப் பக்கத்தில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

நேற்று அவள் இரண்டு முறை முகர்ந்தாள். நிரம்பிய குடத்தை அப்படியே தரையில் கவிழ்த்தாள்.

"கம்மியா கீது, அண்ணாத்த."

அவர் வால்வை மூடிவிட்டு, பக்கெட்டை எடுத்துக்கொண்டு மறுபடியும் ஏணி ஏறினார்.