பதினோராவது நிமிடம்

இதை நான் ஜோடிக்கவில்லை. ஜோடிக்கிற அளவுக்கு எனக்கு எழுத்து வராது. எழுதப் படிக்கக் கற்றதே நாற்பத்தாறு வயதில். நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். பேய் என்றால் ராத்திரியில்தான் வரும் என்று தைரியமாக இருப்பவர்கள் அவசியம் படியுங்கள். எனக்கு நடந்தது பட்டப்பகலில், மாலை 4.20-லிருந்து 4.43 வரை. வெளியே பஸ் ஓடிக்கொண்டிருந்தது. பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகள் கத்திக்கொண்டு போனார்கள்.

மஞ்சள் நாற்காலி போட்ட ஓட்டல் அது. முதலில் ஒரே கடை. ஆறு வருடத்தில் நாற்பத்தொரு கிளை. ருசிக்காக யாரும் போகவில்லை, விளக்குக்காகப் போனார்கள். ஒவ்வொரு மேசைக்கு மேலும் ஒரு விளக்கு தொங்கும். மேசையில் இருக்கும் பொத்தானை அழுத்திச் சாப்பாடு சொன்னால் பதினைந்து நிமிடத்தில் வந்தாக வேண்டும். வராவிட்டால் விளக்கு சிவப்பாக எரியும். உடனே சமையல்காரர் வெளியே வந்து, தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்து, அந்த மேசை முன்னால் தலைகுனிந்து நின்று, "தாமதத்துக்கு மன்னிக்கணும்" என்று சொல்ல வேண்டும். கூடம் முழுக்கக் கைதட்டும். போனில் படம் பிடிப்பார்கள். சாப்பாடு நேரத்துக்கு வந்துவிட்டதே என்று முகம் சுளித்த குடும்பங்களை நானே பார்த்திருக்கிறேன்.

ஒன்பது கிளைகளில் அந்த விளக்குகளை மாட்டியவர்கள் நானும் என் மச்சினனும். என் மனைவியின் தம்பி அவன்.

ஆனால் அடுத்தவன் குனிவதை எத்தனை நாள்தான் பார்ப்பது? ஜனங்களுக்குச் சலித்துப் போனது. நேற்றுச் சமைத்ததைச் சூடு பண்ணிக் கொடுக்கிறார்கள் என்று பேச்சு கிளம்பியது. சமையல்காரர்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். நாற்பத்தொன்று இருபதானது, இருபது ஆறானது. மாட்டிய எங்களையே கழற்றவும் கூப்பிட்டார் கான்ட்ராக்டர்.

"எந்த ஸ்குரூ எங்க இருக்குன்னு உங்களுக்குத்தான் மனப்பாடம். போய்ப் பிரிங்கடா."

அன்று செவ்வாய்க்கிழமை. கிளம்பும்போது என் மனைவி வாசலில் வழியை மறித்துக்கொண்டு நின்றாள். அடுத்த மாதம் அவள் தம்பிக்குக் கல்யாணம்.

"அவனுக்கு ஒரு கீறல் விழுந்தாலும் உங்களத்தான் கேப்பேன்."

"உன் தம்பி என்ன கண்ணாடிச் சாமானா?"

"ஆமா. உடைஞ்சா நீங்க வீட்டுக்கு வராதீங்க."

சிரிக்காமல் சொன்னாள்.

2.30-க்குக் கடை வாசலில் இருந்தோம். கட்டிடத்துக்காரம்மா எங்கள் கையில் சாவியைத் தரவில்லை. தரையில் போட்டாள்.

"விளக்கு போட்டவங்க நீங்கதானா?"

"ஆமாம்மா."

ஏற இறங்கப் பார்த்தாள். "சீக்கிரம் முடிச்சிட்டுப் போய்ச் சேருங்க" என்றாள். அவள் வாசற்படியில் கால் வைக்கவே இல்லை.

உள்ளே எட்டு மாதத் தூசி. மின்சாரத்தை எப்போதோ துண்டித்திருந்தார்கள். இருந்தாலும் பழக்கம் விடுமா? 3.05-க்கு மெயின் வயரை நானே வெட்டி எடுத்தேன். அடுக்களையில் இருந்த அடுப்பு, பாத்திரம், தொட்டி எல்லாவற்றையும் லாரியில் ஏற்றினோம். பதினான்கு மேசைகளில் பதின்மூன்றைக் கழற்றினோம். மேசை இருந்த இடத்தில் தரையில் நான்கு நான்கு ஓட்டைகள் மட்டும் மிஞ்சின. கழற்றிய பதின்மூன்று விளக்குகளையும் ஓர் அட்டைப்பெட்டிக்குள் அடுக்கினேன். 4.10-க்கு லாரி போய்விட்டது. தெருவில் போகிறவர்கள் எட்டிப் பார்க்கிறார்கள் என்று ஷட்டரை முழங்கால் உயரத்துக்கு இறக்கினேன். கூடம் இருண்டது.

மச்சினன் பதினான்காம் மேசையில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தான். வெயிலுக்குக் கட்டிய துண்டு தலையில் அப்படியே இருந்தது.

"மாமா, கடைசி கஸ்டமர் நான்தான். என்ன இருக்கு சாப்பிட?"

"உதை இருக்கு. எந்திரிடா மாப்ள, வேல கெடக்கு."

"கவனிப்பு சரியில்லையே! டேய் சமையல்காரா, சூடா ஒரு பிளேட்!"

பொத்தானை அழுத்தினான். டக்.

மணி 4.20. அவன் சிரித்தான். நானும் சிரித்தேன்.

4.23. எண்ணெய் காயும் வாடை வந்தது. அடுத்த வீட்டுச் சமையலாக இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

4.26. அடுக்களைக்குள்ளிருந்து சத்தம். டக்... டக்... டக்... பலகையில் கத்தி விழுகிற சத்தம். பலகையும் கத்தியும் லாரியில் ஏறிப் போய்விட்டன. நானே ஏற்றினேன்.

"எலியா மாமா?"

"இருக்கும்."

"எலிக்குக் கைப்பக்குவம் ஜாஸ்தி போல" என்றான். ஆனால் இந்தத் தடவை சிரிக்கவில்லை. எழுந்து அடுக்களையைப் பார்த்து நடந்தான். இரண்டு பக்கமும் ஆடுகிற கதவு அது. அவன் உள்ளே போனதும் கதவு மூன்று முறை ஆடி நின்றது.

கத்திச் சத்தமும் நின்றது.

"மாப்ள?"

இன்னொரு தடவை கூப்பிட்டேன்.

போனைப் பார்த்தேன். 4.31. பதினான்காம் மேசைக்கு மேல் விளக்கு எரிந்தது. வயர் இல்லை. மின்சாரம் இல்லை. சிவப்பாக எரிந்தது.

4.20-க்கு அழுத்தியது 4.31-க்கு எரிகிறது. பதினைந்து நிமிடம் ஆகவில்லை. பதினொன்றுதான் ஆகிறது. ஏன் என்று எனக்குத் தெரியும். அப்போதுதான் எனக்குக் குளிரெடுத்தது.

இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. ஓட்டல் ஓகோவென்று ஓடிய நாளில் கான்ட்ராக்டர் எங்களைத் தனியாகக் கூப்பிட்டார். "பதினஞ்சுன்னா செவப்பு எரியவே மாட்டேங்குது. பதினொண்ணுல வைங்க. எவன் மணி பாக்கப் போறான்?" என்றார். வைத்தோம். ஒன்பது கிளையிலும் வைத்தோம். இந்தக் கடையில் ஏழு விளக்கு அவன், ஏழு விளக்கு நான்.

கதவு ஆடியது.

மச்சினன் வெளியே வந்தான். தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்திருந்தான். தலை குனிந்திருந்தது. நடை அவன் நடை இல்லை... காலைத் தேய்த்துத் தேய்த்து, வயதான நடை.

முதல் மேசை இருந்த இடத்துக்குப் போனான். நான்கு ஓட்டைகளுக்கு முன்னால் நின்றான்.

"தாமதத்துக்கு மன்னிக்கணும்."

குரலும் அவனுடையது இல்லை.

யாரோ கை தட்டினார்கள்.

ஒரே ஒரு ஆள். மெதுவாக. என் முதுகுக்குப் பின்னால்.

திரும்பினேன். சுவர்தான் இருந்தது.

அவன் இரண்டாவது இடத்துக்குப் போனான். "தாமதத்துக்கு மன்னிக்கணும்." இப்போது இரண்டு பேர் தட்டினார்கள். மூன்றாவது இடம்... மூன்று பேர்.

அட்டைப்பெட்டியின் இடுக்கு வழியாகச் சிவப்பு வெளிச்சம் கசிந்தது. உள்ளே அடுக்கி வைத்த விளக்குகள். ஒவ்வொன்றாக எரிந்துகொண்டிருந்தன.

ஓடிப்போய் அவன் தோளைப் பிடித்தேன். கை பொசுங்கியது. அடுப்புக் கல்லைத் தொட்டது போல. அவன் என்னை இழுத்துக்கொண்டே நடந்தான்.

ஏழு... எட்டு...

"மாப்ள! டேய்! உங்க அக்கா என்னக் கொன்னுடுவா, வாடா!"

ஒன்பது. கூடம் நிறையக் கைதட்டல். பிள்ளைகள் சிரிக்கிற சத்தம். நாற்காலி நகர்கிற சத்தம்.

பத்து... பதினொன்று... அவன் மூக்கிலிருந்து ரத்தம் சொட்டியது.

பன்னிரண்டு.

பதின்மூன்று. மிச்சம் இருந்தது பதினான்காம் மேசை மட்டும். அங்கே ஒரு நாற்காலி தானாகப் பின்னால் நகர்ந்தது.

யாரோ உட்காரப் போவது மாதிரி.

என் காதோரம் சூடாக ஒரு மூச்சு.

அப்போது நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். இப்போது உங்களுக்கும் தெரியட்டும்.

"நேரத்தக் கொறச்சு வெச்சது இவன்தான்! எனக்கு ஒண்ணும் தெரியாது! இவன்தான்!"

கைதட்டல் நின்றது.

சட்டென்று... கத்தியால் வெட்டினது மாதிரி.

விளக்கு அணைந்தது.

அவன் தொப்பென்று விழுந்தான்.

காலைப் பிடித்துத் தரதரவென்று இழுத்து, ஷட்டருக்கு அடியில் தள்ளி, நானும் வெளியே வந்து விழுந்தேன். போன் 4.43 காட்டியது. பஸ்ஸுக்கு நின்றவர்கள் எங்களைக் குடிகாரர்கள் என்று நினைத்து விலகிப் போனார்கள்.

மச்சினன் சாகவில்லை. பேசுகிறான், சாப்பிடுகிறான். ஆனால் கழுத்து நிமிரவில்லை. தாடை நெஞ்சில் ஒட்டியபடி இருக்கிறது. எலும்பில் ஒன்றும் இல்லை, நரம்பில் ஒன்றும் இல்லை என்கிறார்கள். பெண் வீட்டார் வந்து பார்த்துவிட்டு, தண்ணீர்கூடக் குடிக்காமல் எழுந்து போனார்கள். என் மனைவி என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டாள்.

பத்தொன்பதாம் நாள் அவனை ஆஸ்பத்திரி வரிசையில் உட்கார வைத்துவிட்டு நின்றிருந்தேன். தரை துடைத்துக்கொண்டிருந்த அக்கா ஒருத்தி நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அந்தக் கிளையில் சாப்பாடு பரிமாறிய அக்கா. நாங்கள் விளக்கு மாட்டிய அன்று எங்களுக்கு டீ கொண்டுவந்து கொடுத்தவள்.

அவள்தான் சொன்னாள். ஓட்டலை மூடுவதற்கு முந்தின வாரம் ஒருநாள் பதினான்கு விளக்கும் ஒரே சமயத்தில் சிவந்திருக்கிறது. வயதான சமையல்காரர். ஒவ்வொரு மேசையாகப் போய்க் குனிந்திருக்கிறார். பதினான்காவது மேசையில் குனிந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். வேடிக்கைக்குச் செய்கிறார் என்று நினைத்துக் கூடமே எழுந்து நின்று தட்டியிருக்கிறது.

"என் மடியிலதான் தம்பி போனாரு" என்றாள். "கைதட்டினவங்கள அவரு ஒரு வார்த்த சொல்லல. தன் கைக்கடிகாரத்தத் தட்டித் தட்டிக் காட்டினாரு. வெளக்கு பொய் சொல்லுது, வெளக்கு பொய் சொல்லுதுன்னு. கடைசியா என்கிட்ட ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாரு."

"என்ன கேட்டாரு?"

"மாட்டினது எத்தன பேருன்னு."

தரையைத் துடைத்த துணியை வாளியில் பிழிந்தாள்.

"ரெண்டு பேருன்னு சொன்னேன்."